எந்த மீனுக்கு?

வாங்க வந்த ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பும் கடைக்காரர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். கல்முனையில் கடற்கரைப் பக்கமாக அவருடைய தூண்டில் கடை இருந்தது. ஊரில் எல்லாரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அகலம் எட்டடி, நீளம் பதினோரடி. நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் அளவுகோலோடு கழித்தவன் நான். அளந்து பார்க்காமல் எதையும் எழுதமாட்டேன். அந்த இடத்துக்குள் நாற்பத்தாறு போத்தல்களில் தூண்டில் முட்கள் இருந்தன. சுவர் ஆணிகளில் தங்கூசி நைலோன் நூல் சுருள் சுருளாகத் தொங்கியது. வருகிறவர் எதைக் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த மீனுக்கு?"

ஒருநாள் காலையிலிருந்து பின்னேர அஸர் தொழுகைவரை அங்கே உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு பேர் வந்தார்கள். நாலு பேருக்குத்தான் விற்றார். நெல் ஆலை முதலாளி ஒருவர் காரை வெளியே நிற்பாட்டிவிட்டு வந்து, இருப்பதிலேயே பெரிய முள்ளும் தடித்த நூலும் கேட்டார். எந்த மீனுக்கு என்றதற்கு, எதற்கும்தான் என்றார். பெரிய முள்ளில் பெரிய மீனும் படும், சின்ன மீனும் படும்தானே என்று விளக்கமும் கொடுத்தார். இவர் போத்தல் மூடியைக்கூடத் தொடவில்லை.

"பெரிய சப்பாத்து ஒரு சோடி வாங்கினா வீட்டில எல்லாரும் போடலாம் எண்டு நினைக்கிறீங்க போல" என்றார்.

முதலாளி அதை ஒரு வருடம்வரை ஊரெல்லாம் சொல்லிப் பொருமினார்.

நானும் திருப்பி அனுப்பப்பட்டவன்தான். ஓய்வு பெற்ற புதிதில் வீட்டுச் சாமான்களை நான் எண்ணிக்கொண்டு திரிவது என் மனைவிக்குப் பொறுக்காமல் போனது. தூண்டில் போட்டாவது பொழுதைக் கழிப்போம் என்று போனேன். எந்த மீனுக்கு என்றார். சும்மா ஏதாவது ஒரு மீனுக்கு என்றேன்.

"சும்மா எண்டு ஒரு மீன நான் இன்னும் காணல்ல, சேர்."

ஆறு நாள் இப்படியே போய்த் திரும்பினேன். ஏழாம் நாள் கெண்டைக்கு என்றேன். கந்தோர் வேலையாகக் குளங்களுக்குப் போன காலத்தில், அரசாங்கம் விட்டு வளர்த்த அந்த மீசைக் கெண்டைகள் மதகடியில் சேற்றைக் கிளறுவதைப் பார்த்திருந்தேன். எனக்குத் தெரிந்த மீன் அது ஒன்றுதான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து, பட்டப்பகலில், கடையின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். உள்ளே இருந்து நீளமான சீலைப்பை ஒன்றை எடுத்து வந்தார்.

இளவயதில் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் அவர் சமையல் வேலை பார்த்திருக்கிறார். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை, இரை எதுவும் குத்தாமல், முள்ளில் இறகைப் பூச்சிபோலக் கட்டி ஓடையில் வீசுவாராம். பாரம் முள்ளில் இல்லை, நூலில் இருக்கும். அந்தப் பாரமான நூலை முன்னும் பின்னும் வீச, அது காற்றில் விரிந்து போய் இறகைத் தண்ணீரில் இருத்தும். துரை பிடித்தது குளிர் தண்ணீர் மீன். இவர் ஊருக்குத் திரும்பி, அந்த வித்தையை நம்முடைய குளத்துக் கெண்டைக்கு மாற்றிக்கொண்டார். மூங்கிலைச் சீவி ஒன்பதடித் தடி. குடைக்கம்பியில் எட்டு வளையம். மருதமுனைத் தறிக்காரரிடம் வாங்கிய பருத்தி நூலை நடுவில் தடிப்பாகவும் நுனியில் மெலிவாகவும் பின்னி, மெழுகு தேய்த்துச் செய்த வீச்சு நூல். அதன் நுனியில் ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, மெல்லிய தங்கூசி. நாவல் பழம் தண்ணீரில் விழும் காலத்துக்குக் கறுத்த இறகு உருண்டை; முதல் மழைக்கு ஈசல் விழும் நாட்களுக்கு வெளிறிய இறகு.

ஏன் இவ்வளவு சின்ன முள் என்று கேட்டேன்.

"கெண்டைக்கு வாயில பல்லில்ல சேர், தொண்டைக்குள்ளதான் இரிக்கி. உறிஞ்சிப் பாக்கும். சரியில்லாட்டித் துப்பிரும். உறிஞ்சிறதுக்கும் துப்புறதுக்கும் நடுவிலதான் நம்மட வேல."

பிறகு குளத்தில் வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரைச் செக்கன்கூட இல்லை. தடித்த நூல் என்றால் கெண்டை கண்டுவிடும். மெல்லிய நூல் என்றால் ஓடும்போது அறுத்துவிடும். ஆகவே நூலை மெலிதாக வைத்து, தடியை வளைய விட்டு, ஓடுவதற்கு முப்பது பாகம் நூலைச் சில்லில் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. காரணம் சொல்ல முடியாத ஒரு சாமான் அந்தச் சீலைப்பைக்குள் இல்லை.

சனிக்கிழமைகளில் சவளக்கடைப் பக்கம் பஸ்ஸில் போவோம். வழியில் சோதனைச் சாவடி. ஒருமுறை ஒரு இளம் சிப்பாய் அவருடைய இறகுத் தகரத்தைத் திறந்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். யுத்த காலம், எதற்கும் பிடித்துக்கொண்டு போகலாம். இவர் தன்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் கெண்டைக்கு என்றார். அவன் குளத்துக் கிராமத்தில் பிறந்தவனாக இருக்க வேண்டும். கெண்டைக்குக் கோதுமை மாவு உருண்டைதான் சரி, இறகெல்லாம் பைத்தியக்கார வேலை என்று அவன் சொல்ல, இவர் மறுக்க, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கையால் உருண்டை பிடித்துக் காட்ட, பன்னிரண்டு நிமிடம் பஸ் நின்றது. ஐம்பத்திரண்டு பயணிகளும் எங்கள் இருவரையும் திட்டினார்கள்.

யுத்தம் முடிந்தது என்று பட்டாசு கொளுத்திய நாளிலும் அவர் குளக்கட்டில்தான் இருந்தார். செய்தியை நான் கொண்டுபோனேன். நூலைச் சுற்றி முடித்தார். பிறகு, எத்தனை பேர் செத்திருப்பார்கள் சேர் என்று கேட்டார். தன் வாழ்நாளில் என்னிடம் அவர் கேட்ட எண்ணிக்கைகள் இரண்டே இரண்டு. இது அதில் ஒன்று.

மற்ற எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல, அதற்கு நாலு வருடத்துக்கு மேல் முந்திய சுனாமிக்குப் போக வேண்டும்.

கடல் வந்த காலையில் அவர் கடையில் இல்லை, சந்தையில் இருந்தார். வீட்டில் இருந்த அவருடைய மனைவி போய்விட்டா. மூன்றாம் நாள் ஜனாஸா கிடைத்தது, அடக்கினோம். கடை இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. என் மூத்த சகோதரி ராத்தாவையும் எங்கள் இருவர் வீடுகளையும் கடல் கொண்டுபோயிருந்தது. ராத்தாவைத் தேடிக்கொண்டு நாலாம் நாள் கடற்கரைப் பக்கம் போனபோது, அவர் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, மணலில் இழுத்துக்கொண்டு நடப்பதைக் கண்டேன். புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனேன். காந்தம் முழுக்கத் தூண்டில் முட்கள், மயிர்போல ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த நாற்பத்தாறு போத்தல்களும் உடைந்து, ஏழாயிரத்துச் சொச்சம் முட்கள் ஊர் மணலில் சிதறிக் கிடந்தன. ஊரே செருப்பில்லாமல் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அதே மணலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தது.

"நான் ஆருக்கும் விக்காத முள் சேர் இது" என்றார். "ஆர்ர கையிலயும் ஏறக் கூடா."

பத்தொன்பது நாள் இழுத்தார். அவர் பாதங்களில் குத்தியவற்றைப் பள்ளிக்கூட முகாமில் வைத்து நான் எண்ணினேன். ஒன்பது.

முகாமில் மீன்பிடித் தொழில் என்று பதிந்தவர்கள் நாற்பத்து நாலு பேர். நாற்பத்து மூன்று பேர் கடலுக்குப் போகிறவர்கள். நாற்பத்து நாலாவது, தூண்டில் விற்றவர் என்பதால், இவர். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னை முகாமின் செயலாளராக வைத்தார்கள். அந்த நாட்களில் கடல் மீனை யாரும் வாயில் வைப்பதில்லை. கடலில் போன மையித்துகளைத் தின்ற மீன் என்று ஒரு அருவருப்பு. என் மனைவி மீன் சட்டியையே வெளியே வீசிவிட்டா. ஆனாலும் அது எத்தனை நாளைக்கு? சனம் மறுபடி மீன் கேட்கும் நாளில் கையில் வலை இல்லையென்றால் அந்த நாற்பத்து மூன்று வீட்டு அடுப்பும் எரியாது. எல்லாரும் வலைக்காகத்தான் காத்திருந்தோம்.

ஒருநாள் ஒரு வான் வந்தது. வெளிநாட்டில், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களின் சங்கம் ஒன்று, கடலால் பாதிக்கப்பட்ட மீனவர்களுக்கு என்று சேர்த்து அனுப்பிய பெட்டிகள். நான்தான் திறந்து எண்ணினேன். தடி நாற்பத்து நாலு, சில்லு நாற்பத்து நாலு, இறகு கட்டிய முட்கள் ஒரு ஆளுக்கு இரண்டு டசின். கடலோடிகள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் ஒரு இறகை எடுத்துக் காதைக் குடைந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அவரைக் கூப்பிட்டேன். வந்து, ஒரு தடியைத் துணியிலிருந்து உருவினார். முப்பது வருடமாகக் குடைக்கம்பியாலும் மூங்கிலாலும் அவர் செய்துகொண்டிருந்த சாமான், செய்தபடி, பூரணமாக அவர் கையில் இருந்தது. நாலு துண்டுகளையும் பூட்டி, நூலைக் கோத்து, மைதானத்தின் நடுவுக்குப் போனார். அந்த மஞ்சள் நூல் பின்னால் போய், விரிந்து, முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய், கடைசியில் ஐம்பத்துநாலடி தூரத்தில் மண்ணில் ஓசையில்லாமல் படுத்தது. கூடாரங்களிலிருந்து பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு அந்த முகாமில் சனம் எதையாவது வாய் பார்த்து நின்றது அன்றுதான்.

அவர் நூலைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இது கெண்டைக்கு" என்றார். "கடலுக்கு இல்ல."

வானில் வந்திருந்த பெண் பிள்ளை, கொழும்பிலிருந்து வந்தவ, ஒரு தாளை என்னிடம் நீட்டினா. இங்கிலீஷில் இருந்தது. இந்த முகாமின் மீன்பிடிக் குடும்பங்கள் தங்கள் தொழிலுக்குப் பொருத்தமான உபகரணங்களைப் பெற்றுக்கொண்டன என்று எழுதி, கீழே செயலாளர் ஒப்பமிட இடம் விட்டிருந்தது. அன்றே வேண்டும் என்றா. சாரதி இரண்டு தடவை ஹோன் அடித்தார். முகாமில் அதை வாசிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான்; நானும், பங்களா இங்கிலீஷ் தெரிந்த அவரும். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டார்.

"சேர், இதில ஒப்பம் வச்சா வலை வராது."

"வந்ததத் திருப்பி அனுப்பினா மறுகா ஆரு வருவா?" என்றேன். வடக்கே ஒரு முகாமில் பழைய துணி வேண்டாம் என்று லொறியைத் திருப்பினார்கள், அதற்குப் பிறகு ஒரு லொறியும் போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு கிழமையாக எனக்கு நித்திரையில்லை. எது வந்தாலும் விடக்கூடாது என்ற பயம் பிடித்திருந்தது.

"இத வாங்கினாத்தான் ஆரும் வரமாட்டாங்க. வாங்கியாச்சி எண்டு கிடக்கும்."

"உங்களுக்கு ஆசையான சாமான்தானே. நீங்க ஏன் தடுக்கிறீங்க?"

"எனக்குப் பொருத்தம்தான். என்னக் காட்டித்தான் மத்த நாப்பத்து மூணு பேருக்கும் பொருத்தம் எண்டு ஆக்குவாங்க."

நான் தாளை இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு ஒப்பம் வைத்தேன்.

அவர் தடியைத் துண்டு துண்டாகக் கழற்றி, சாரன் தலைப்பால் துடைத்து, துணிக்குள் போட்டுப் பெட்டியில் வைத்தார். "என்ட பேர வெட்டுங்க, சேர்" என்றார். வெட்டினேன். அந்தப் பெண் பிள்ளை வெட்டின இடத்தில் தானும் ஒரு சின்ன ஒப்பம் வைத்து, அவருடைய பெட்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனா.

கொடுத்த தடிகளுக்கு என்ன நடந்தது என்று ஒரு மாதத்தில் எண்ணி முடித்தேன். பதினாறு கடலில் முறிந்தன. பன்னிரண்டு உடுப்புக் காயப்போடும் கம்பானது. ஏழு தொலைக்காட்சி அன்டெனாவைத் தாங்கியது. மற்ற எட்டும் எங்கே போயின என்று தெரியாது.

எட்டு மாதத்துக்குப் பிறகு பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வலையும் தோணியும் வந்தன. பட்டியலில் எங்களுடைய முகாமுக்கு நேரே கோடு இழுத்திருந்தது. நான் ஒன்பது தடவை மீன்பிடிக் கந்தோருக்கு நடந்தேன். ஒன்பதாம் தடவை லிகிதர் ஒரு கோப்பைத் திறந்து, என் சொந்தக் கையொப்பத்தின் பிரதியை எனக்கே காட்டினார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. கடலோடிகள் சவளக்கடை வயல்களில் கூலிக்கு அரிவு வெட்டப் போனார்கள். உப்பில் வளர்ந்த கைகளை நெல்தாள் வெட்டியது. இரண்டு பேர் சவூதிக்குப் போனார்கள். அவர்கள் வருகிற வீதியைக் கண்டால் நான் வேறு ஒழுங்கையால் போவேன்.

அப்போதுதான் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பதிவில் இருந்து எதுவும் பெறாத மீனவர் ஒருவர் மிஞ்சியிருக்கிறார், அவருக்கு எஞ்சின் தோணியும் வலையும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று. நான் வெட்டிய அதே பெயர். கடிதத்தை எனக்குக் காட்டினார். ஒரு நாளும் கடலுக்குப் போகாத ஒரே மனிதருக்கு வலை வந்திருந்தது.

அவர் நாலாம் நாள் என் தற்காலிகக் கொட்டிலுக்கு வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அந்தப் பட்டியல்ல இப்ப ஊரில எத்தின பேர் சேர்?"

"நாப்பத்தொண்டு."

"தோணிக்கு ஏழு. கயிறு ரெண்டுக்கும் பதினேழு பதினேழாப் பிரிக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

எஞ்சின் வேண்டாம், தோணியும் அந்த வலையும் வேண்டாம், அந்தப் பெறுமதிக்கு ஒரு கரைவலையும் துடுப்புத் தோணியும் தாருங்கள் என்று கந்தோரில் கேட்டாராம். கரைவலை என்பது தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பது. ஒரு ஆளுக்குக் கரைவலை எதற்கு என்று அதிகாரி சண்டை பிடித்திருக்கிறார். தனக்குத் தரும் சாமானைத் தன்னிடம் உள்ள ஆட்களுக்கு ஏற்றபடிதான் எடுக்க முடியும் என்று இவர் அங்கேயே இருந்துவிட்டாராம். மூன்று மணித்தியாலம் இருந்தார் என்று லிகிதர் சொன்னார்.

பங்குனியில் கடல் அடங்கியதும் முதல் வளைப்பு. ராத்தாவைத் தேடிய நாட்களுக்குப் பிறகு நான் ஒருமுறையும் கடலுக்குக் கிட்டப் போனதில்லை. அன்று போனேன். ராத்தா வீட்டுக் கிணறு மட்டும் மணலுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்ற இடத்தில், தூரத்தில் ஒதுங்கி நின்றேன். என்னைக் கண்டால் ஏசுவார்கள், மண்ணை அள்ளி வீசுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

வடக்குக் கயிற்றில் முன்னுக்கு நின்ற மூத்தவர் கயிற்றை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"சேர், நீங்க அண்டைக்கு காக்காட பேர வெட்டின வேல, அல்லாட உதவியால நல்லா வந்திச்சி."

எனக்கு விளங்கவில்லை. ஆரு சொன்ன என்று கேட்டேன்.

"காக்காதான் செல்லிச்சி. அந்தச் சாமானால வலை வராமப் போகும் எண்டு முன்னுக்கே யோசிச்சி, ஒரு பேரயாவது வெளிய வப்பம் எண்டு சேர்தான் வெட்டின எண்டு."

அவர் கயிற்றுக்கு ஓடிவிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மாதக் கணக்காக நான் ஒளிந்து திரிந்த மனிதர்கள், அந்த மாதங்களெல்லாம் வலை வராததற்கு என் ஒப்பம்தான் காரணம் என்று அறியாமல், என்னைத் தங்களுக்காகப் பேசியவனாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவர் தண்ணீர் ஓரத்தில் நின்று, வலையின் மிதப்புகள் ஒரே வரிசையில் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாரன் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒரு முள்ளைக்கூடப் பிழையான ஆளுக்கு விற்காத மனிதர். அவர் பக்கத்தில் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கயிறு புடிக்கிற ஆளுக்கு இன்னொரு ஆள்மேல கோவம் இரிக்கக் கூடா, சேர். இழுவை ஒரு பக்கம் கூடும். வலை சரிஞ்சிரும்."

"நான் வாசிச்சிட்டுத்தானே ஒப்பம் வச்ச."

"ஓம்" என்றார். கண்ணை மிதப்புகளிலிருந்து எடுக்கவில்லை. "நீங்க வேணுமெண்டாச் செல்லுங்க. இண்டைக்கி வேணாம்."

அன்று கீரி மீனும் கொஞ்சம் பாரையும் பட்டன. கரையில் வைத்தே விற்றுத் தீர்ந்தது. எனக்கும் ஒரு பங்கு மீன் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி கழுவிச் சமைத்தா.

நான் மறுநாள் சொல்லவில்லை. அந்தப் பருவம் முழுவதும் சொல்லவில்லை. பெருநாளில் அவர்கள் சலாம் சொல்லும்போது பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, கெண்டையின் உதட்டைப் பற்றியும் இறகின் நிறத்தைப் பற்றியும் கதைத்துக்கொண்டு வருவார். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் அப்படியே மௌத்தாகிவிட்டார். கரைவலைக்காரர்கள்தான் சந்தூக்கைச் சுமந்தார்கள். எனக்கும் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். சேர் முன்னுக்கு வாங்க என்று கூப்பிட்டு, சந்தூக்கின் முன் காலைத் தந்தார்கள். தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பட்டியலில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் இருபத்தாறு பேர். அவர்களில் யாராவது இதை வாசிக்கட்டும், வாசிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். அவருடைய பெயரை வெளியே வைக்கச் சொன்னது அவர்தான். வலையைத் தடுத்த தாளில் ஒப்பம் வைத்தது நான். இரண்டு தடவை வாசித்துவிட்டு வைத்தேன்.